20,350 மணி நேரம் ஓடிய படத்துக்கு 21,380 ரூபாய்தானா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படத்தின் தலைப்பு எல்லாவற்றையும் மறைத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

38 லட்ச ரூபாயில் ஒரு படம் எடுத்திருக்கிறார். 12 லட்சம் அக்கா கணவர் கொடுத்தது. 9 லட்சம் அம்மாவின் நகையை அடகு வைத்தது. மிச்சம் நண்பர்களிடம் கைமாற்று. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் இவரே. படம் 22 தியேட்டர்களில் வெளியாகி ஒரு வாரம் ஓடியது; போஸ்டர் செலவுகூடத் திரும்பவில்லை. "ஓடிடியில் பிடித்துக்கொள்ளலாம்" என்று சுற்றியிருந்தவர்கள் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தளங்கள் எதுவும் நேரடியாகப் பேசவில்லை. கடைசியில் சென்னையில் உள்ள ஓர் அக்ரிகேட்டர் நிறுவனம் (சிறு படங்களைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் இடைத்தரகர்) கியூசி (தரப் பரிசோதனை), சப்டைட்டில், டெலிவரி என்று 65,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தளத்தில் படத்தை ஏற்றியது. 14 பக்க ஆங்கில ஒப்பந்தம். 10 வருடத்துக்கு எக்ஸ்குளூசிவ் டிஜிட்டல் உரிமை. கமிஷன் 30 சதவீதம்.

படம் தளத்தில் ஏறி 16 மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு காலாண்டுக்குத்தான் கணக்கு வந்திருக்கிறது. முதலாவதில் 14,200 மணி நேரம், இரண்டாவதில் 6,150 மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்து இவர் கைக்கு வந்தது 21,380 ரூபாய். அதற்கப்புறம் போனும் எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், இன்றுவரை 1.8 லட்சம் பார்வைகள் என்று இருக்கிறது. "பார்வைக்கு 4 ரூபாய் என்றால் 7.2 லட்சம் வர வேண்டும். என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார்.

இவர் கேட்பது நான்கு. போலீசில் புகார் கொடுக்கலாமா? ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததால் செல்லாது என்று சொல்லிவிட்டு படத்தைத் தன் யூடியூப் சேனலில் போட்டுவிடலாமா? அக்கா கணவர் இப்போது "படமே என்னுடையது" என்கிறாரே, அது சரியா? இன்னொரு நிறுவனம், இந்தப் படத்தையும் எடிட்டிங்கில் இருக்கும் அடுத்த படத்தையும் சேர்த்து, எல்லா உரிமைகளும் நிரந்தரமாகத் தங்களுக்கே என்ற நிபந்தனையில் 6 லட்சம் தருகிறேன் என்கிறது, கையெழுத்துப் போடலாமா?

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த ஒப்பந்தப் பக்கங்களையும் இரண்டு கணக்குகளையும் வரி விடாமல் படித்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு இந்த வாரமே கெடு வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். அம்மாவின் நகை வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது 6 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்த 1.8 லட்சம் பார்வைகள்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் 7.2 லட்சம் என்ற கணக்கு தவறு. அதை நோட்டீசில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பத்தியிலேயே உங்களை மடக்கிவிடுவார்.

ஒப்பந்தத்தின் இணைப்பில் 4 ரூபாய் என்று இருப்பது ஒரு பார்வைக்கு அல்ல, பார்க்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு. ஒருவர் உங்கள் படத்தைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறினாலும் அது ஒரு பார்வைதான். ஆனால் அதில் உங்களுக்குச் சேருவது 33 காசு. உங்கள் படம் 1 மணி 52 நிமிடம். ஒருவர் முழுதாகப் பார்த்தால் ஏழரை ரூபாய் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உண்மையான சராசரி இருக்கும். மணி நேரக் கணக்கில் படம் கொடுத்தவர்கள் எல்லோரும் முதல் அறிக்கையைப் பார்த்து அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. 1.8 லட்சம் என்பது 16 மாதத்துக்கான எண்ணிக்கை. உங்கள் கையில் இருக்கும் 20,350 மணி நேரம் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும். இரண்டையும் ஒன்றோடொன்று வகுத்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த வாட்ஸ்அப் படத்தை ஆதாரமாகக் காட்டவும் வேண்டாம். அதை அனுப்பிய நண்பருக்குத்தான் சிக்கல் வரும்.

அப்படியானால் அவர்கள் கணக்கு சரியா? இல்லை. அவர்களே கொடுத்த தாளை வைத்தே அதைக் காட்டலாம். 20,350 மணி நேரத்துக்கு மொத்த வருமானம் 81,400 ரூபாய். அதில் 30 சதவீதக் கமிஷனாக 24,420 எடுத்திருக்கிறார்கள். 'டெலிவரி மற்றும் மார்க்கெட்டிங்' என்று ஒரே வரியில் 35,600 கழித்திருக்கிறார்கள். மிச்சம் 21,380. ஆனால் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியில்தான் கமிஷன் எடுக்க வேண்டும். அந்த முறையில் போட்டால் உங்கள் பங்கு 32,060. இதிலேயே 10,680 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நீங்கள் அப்படி எதற்கும் ஒப்புதல் கொடுக்கவில்லை என்கிறீர்கள். டெலிவரிக்கென்று தனியாக 65,000 ஏற்கெனவே கட்டியும் இருக்கிறீர்கள். அந்தச் செலவை மொத்தமாக நீக்கினால் இந்த இரண்டு காலாண்டுக்கு உங்களுக்கு வர வேண்டியது 56,980. அதாவது 35,600 ரூபாய் பாக்கி. இதோடு கணக்கே காட்டாத காலாண்டுகள் இருக்கின்றன. காலாண்டு முடிந்து 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்றாவதும் நான்காவதும் தவறிவிட்டன. ஐந்தாவது காலாண்டுக்கு இன்னும் சில நாள் கெடு பாக்கி இருக்கிறது, அதை இப்போதே குற்றமாக எழுத வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டினாலும் பாக்கித் தொகை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும் என்பது என் கணிப்பு. முதல் காலாண்டில் 14,200 மணி நேரம் இருந்தது அடுத்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பெரும்பாலான படங்களுக்கு அப்படித்தான் இறங்கும். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடமிருந்து போனது பணம் மட்டுமல்ல. இன்னும் எட்டரை வருடத்துக்கும் மேல் இந்தப் படம் பதில் சொல்லாத ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை மீட்பதைத்தான் இலக்காக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த 4 ரூபாயும் நிலையானது அல்ல. "தளத்தின் கட்டண முறை மாறினால் விகிதமும் மாறும்" என்று இணைப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. அமேசான் 2016-இல் (பின்னாளில் பிரைம் வீடியோ டைரக்ட் என்று பெயர் மாறிய) வீடியோ டைரக்ட் என்ற வசதியைத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் படத்தை நேரடியாக ஏற்றலாம் என்றபோது, அமெரிக்கப் பார்வையாளர் பார்த்த ஒரு மணி நேரத்துக்கு 15 சென்ட் கொடுத்தது. பிறகு ரசிகர்களின் ஈடுபாட்டை வைத்துத் தரம் பிரித்தார்கள். கீழ்த்தட்டில் விழுந்த படங்களுக்கு மணிக்கு ஒரு சென்ட் வரை இறங்கியது. 2021-இல் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் அந்த வழியில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். மணிக்கு 15 சென்ட் என்று கணக்குப் போட்டு அடுத்த படத்துக்குக் கடன் வாங்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற உண்மையான எண் தெரியாமல் தவிப்பதும் நீங்கள் மட்டும் அல்ல. 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், தளங்கள் தங்கள் தொடர்களும் படங்களும் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்பதைச் சங்கத்திடமாவது ரகசியமாகக் காட்ட ஒப்புக்கொண்டன. நம் ஊரில் சிறு தயாரிப்பாளருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது மட்டும்தான் நமக்கு இருக்கும் வழி.

தளத்தின் மேல் வழக்குப் போட முடியுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒப்பந்தமே கிடையாது. தளம் பணம் கொடுப்பது அக்ரிகேட்டருக்கு. அக்ரிகேட்டர்தான் உங்களுக்குக் கடன்பட்டவர். அவர் நொடித்துப் போனாலும் தளத்திடம் போய் நிற்க முடியாது. அமெரிக்காவில் டிஸ்ட்ரிபர் என்ற அக்ரிகேட்டர் 2019-இல் மூடப்பட்டபோது, முன்கட்டணமும் கட்டி, வர வேண்டிய வருமானத்தையும் இழந்து பல சுயாதீன இயக்குநர்கள் நின்றார்கள். அதனால் அக்ரிகேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கமிஷன் சதவீதத்தைவிட, அவர் வேறு படங்களுக்கு ஒழுங்காகக் கணக்குக் கொடுத்திருக்கிறாரா என்று நாலு பேரிடம் விசாரிப்பது முக்கியம்.

சட்டப்படி படம் யாருடையது?

"நான் எழுதி, நான் இயக்கிய படம், எனவே உரிமை என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். மனதளவில் அது உண்மை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் அப்படி இல்லை. இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் என்று சட்டம் சொல்வது இயக்குநரை அல்ல, தயாரிப்பாளரை. யார் தயாரிப்பாளர்? படத்தை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். பணம் கொடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் தயாரிப்பாளர் ஆகிவிட மாட்டார்.

இதில் உங்களுக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. நடிகர்களுக்குச் சம்பளம் பேசியது, கேமரா வாடகைக்கு எடுத்தது, லேபில் டி.ஐ. (நிறச் சீரமைப்பு) செய்தது எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நடந்திருக்கிறது. அது நல்ல ஆதாரம். ஆனால் சென்சார் சான்றிதழில் தயாரிப்பாளர் என்று இருப்பது உங்கள் அக்கா கணவரின் நிறுவனப் பெயர். ஜிஎஸ்டி எண் அவரிடம் இருந்ததால் அப்படிச் செய்தோம் என்கிறீர்கள். சான்றிதழ் ஒன்றே உரிமையை முடிவு செய்துவிடாது. இருந்தாலும் எந்தத் தளமும், எந்த வாங்குபவரும் முதலில் கேட்கும் தாள் அதுதான். அக்ரிகேட்டரோடு கையெழுத்துப் போட்டது நீங்கள், சான்றிதழில் இருப்பது அவர். இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால், "உரிமையாளர் யார் என்பதே தகராறில் இருக்கிறது" என்று சொல்லிக் கணக்குக் கொடுப்பதை இன்னும் இழுத்தடிப்பார்கள்.

ஆகவே முதல் வேலை அக்கா வீட்டில்தான். வக்கீல் நோட்டீசோடு போகாதீர்கள். 12 லட்சத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு ரூபாய் பார்க்காத மனிதர் அவர். உரிமை பேசுகிறார் என்றால் பயத்தில்தான் பேசுகிறார் என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. அவரிடம் கணக்கைக் காட்டுங்கள், நான் மேலே போட்ட கூட்டல் கழித்தலோடு. அப்புறம் ஒரு பத்திரம் எழுதுங்கள்: அவர் போட்ட 12 லட்சம் கடனா, முதலீடா? முதலீடு என்றால் வருமானத்தில் அவர் பங்கு எத்தனை சதவீதம்? படத்தின் காப்புரிமை யார் பெயரில் நிற்கும்? வெளியாட்களோடு ஒப்பந்தம் போடும் அதிகாரம் யாருக்கு? முத்திரைத்தாளில், இருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளோடு இருக்கட்டும். அக்காவையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

உரிமை யாரிடம் போனாலும் உங்களிடமிருந்து போகாத ஒன்றும் இருக்கிறது. திரைக்கதையும் வசனமும் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் நீங்கள். 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் சேர்ந்த எழுத்துக்கும் இசைக்கும் தியேட்டர் தவிர்த்த பயன்பாட்டில் வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை, அதன் ஆசிரியர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. நடைமுறையில் இதை வசூலிப்பது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேரம் பேசும் மேசையில் இது ஒரு பிடி. இதே உரிமை உங்கள் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு. அவர்களோடு எழுத்தில் எதுவும் போடவில்லை என்கிறீர்கள். அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

போலீஸ், யூடியூப்

ஒப்பந்தத்தை மீறுவது வேறு, மோசடி வேறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் மோசடி என்று நிற்க வேண்டுமானால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். படத்தை ஏற்றியிருக்கிறார்கள், இரண்டு முறை பணமும் கொடுத்திருக்கிறார்கள். "இது சிவில் விவகாரம்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். மற்ற தயாரிப்பாளர்களுக்கும் இதே நிறுவனம் இப்படிச் செய்திருப்பது தெரியவந்தால் மறுபடி யோசிக்கலாம்.

ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததால் செல்லாது என்று உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். காப்புரிமை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, உரிமையாளர் கையெழுத்து இருந்தால் போதும். பதிவு தேவையில்லை. எனவே ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது யூடியூபில் போட்டால் மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அக்ரிகேட்டர் ஒரு புகார் கொடுத்தால் ஸ்ட்ரைக், அதாவது யூடியூபின் எச்சரிக்கை, விழும். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். ஆறு வருடமாகக் குறும்படங்கள் போட்டு வளர்த்த சேனல் அது. அதைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் உங்களுக்குச் சாதகமான இடங்கள்

இணைப்பில் 'பிரதேசம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. கவனித்தீர்களா? உரிமை எந்தெந்த நாட்டுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால், அது இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ள வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். நீங்கள் அனுப்பிய 11 பக்கங்களில் வேறெங்கும் 'உலகம் முழுவதும்' என்ற சொல் இல்லை. அனுப்பாத 3 பக்கங்களிலும் இல்லையென்றால், வெளிநாட்டு டிஜிட்டல் உரிமை இன்னும் உங்களிடமே இருக்கிறது என்று வலுவாக வாதாடலாம். டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போல வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி இயங்கும் தளங்கள் இருக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இந்தத் தகராறு தீரும்வரை அதை யாருக்கும் விற்க வேண்டாம்.

அதே 19-ஆவது பிரிவில் இன்னொன்று: வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும். உங்கள் படத்தை ஒரே ஒரு சந்தா தளத்தில் மட்டும்தான் ஏற்றினார்கள். விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் உரிமை, காசு கட்டி ஒருமுறை பார்க்கும் உரிமை இரண்டையும் தொடவே இல்லை. ஒப்பந்தம் இவற்றைத் தனித்தனியாகப் பட்டியலிட்டிருப்பதால் அவையும் திரும்பிவிட்டன என்று கேட்கலாம். இந்த விதியை விலக்கி வைக்கும் ஒரு வரியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கடைசிப் பக்கங்களில் சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் அந்த மூன்று பக்கங்கள் எனக்கு வேண்டும்.

நடக்க வேண்டிய வரிசை இது. அக்கா கணவரோடு பத்திரம் முடிந்ததும் மெயிலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு சாதாரணக் கடிதம் எழுதுங்கள், கோபம் இல்லாமல். விடுபட்ட அறிக்கைகள், தளம் அவர்களுக்கு அனுப்பிய மூல அறிக்கை, 35,600 ரூபாய்க்கான பில்கள் ஆகியவற்றை 15 நாளில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவின்படி மீறலைச் சரிசெய்ய 30 நாள் கொடுக்க வேண்டும். கொடுத்தும் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து படத்தை இறக்கச் சொல்லலாம். அந்த ரத்துக் கடிதத்தின் நகலை உரிமை ஆவணங்களோடு தளத்தின் சட்டப் பிரிவுக்கும் அனுப்புவோம். உரிமைத் தகராறு என்று தெரிந்தால் தளங்கள் பொதுவாக இருதரப்பும் தீர்த்துக்கொள்ளும்வரை பணத்தை நிறுத்திவைக்கும், படத்தையும் இறக்கிவிடலாம். ஒருமுறை இறங்கிய சிறு படத்தை அதே தளத்தில் மறுபடி ஏற்றுவது கடினம். இந்த ஆபத்தைத் தெரிந்தே இறங்க வேண்டும். இப்போதைய வருமானத்தைப் பார்த்தால், ஏற்கலாம் என்பது என் கருத்து.

தகராறு மத்தியஸ்தரிடம் போக வேண்டும், அவரை அக்ரிகேட்டரின் இயக்குநரே நியமிப்பார் என்று ஒரு பிரிவு இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனியாக மத்தியஸ்தரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு நடுநிலையானவரைக் கேட்கலாம். ஆனால் லட்ச ரூபாய்த் தகராறுக்கு மத்தியஸ்தர் கட்டணம் கட்டுவது கட்டுப்படியாகாது. அதற்கு முன் சமரசப் பேச்சுக்கு அழைத்துப் பாருங்கள். "பாக்கியில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன், படத்தை எழுத்தில் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் பலரும் இறங்கி வருவார்கள். பணப் பாக்கிக்கான கெடு, அது வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். அவசரம் இல்லை, ஆனால் மறந்தும் விடாதீர்கள்.

அந்த 6 லட்சம்

ஊரடங்குக் காலத்தில், 2020, 2021-இல், தளங்கள் சிறு படங்களையும் மொத்த விலை கொடுத்து வாங்கின. அந்த நினைவில்தான் பலர் இன்னும் படம் எடுக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று பட்ஜெட் குறைந்த, முகம் தெரிந்த நடிகர் இல்லாத படத்துக்குப் பெரும்பாலும் வருமானப் பங்குதான் கிடைக்கிறது. அதனால் கையில் 6 லட்சம் என்றதும் மனம் தடுமாறுவது இயல்பு.

அவர்கள் அனுப்பிய வரைவைப் பாருங்கள். நெகட்டிவ் உரிமை (அதாவது படத்தின் முழு உரிமை), சாட்டிலைட் (டிவி), டிஜிட்டல், எல்லா மொழி டப்பிங், ரீமேக், இரண்டு படங்களுக்கும், நிரந்தரமாக. ஒரு படத்தின் காப்புரிமை 60 ஆண்டு நிற்கும். படத்துக்கு 3 லட்சம் என்றால் வருடத்துக்கு 5,000 ரூபாய். அதிலும் கையெழுத்தன்று 1 லட்சம்தான். மீதி 5 லட்சம் 'தளம் ஏற்றுக்கொண்ட பிறகு'. எந்தத் தளம், எத்தனை நாளில், ஏற்காவிட்டால் என்ன என்று ஒரு வரியும் இல்லை. லேப் லெட்டரை (மூலப் பிரதியை அவர்களிடம் கொடுக்கச் சொல்லி லேபுக்கு எழுதும் கடிதம்) மட்டும் முதல் நாளே கேட்கிறார்கள். அதாவது 1 லட்சத்துக்கு இரண்டு படங்களின் மூலப் பிரதியும் அவர்கள் கைக்குப் போய்விடும். முதல் படத்தின் டிஜிட்டல் உரிமை ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்க, "எந்த வில்லங்கமும் இல்லை, இருந்தால் நஷ்டஈடு தருகிறேன்" என்ற உறுதிமொழியிலும் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். உங்களை நிஜமான சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது இந்த ஒரு வரிதான்.

அவர்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் இப்படித் திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது படம் மட்டும். டிஜிட்டலும் சாட்டிலைட்டும் மட்டும், 5 வருடத்துக்கு. ரீமேக்கும் டப்பிங்கும் உங்களிடம். ஒரு தொகை எம்.ஜி.யாக (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை), அதை அவர்கள் எடுத்த பிறகு வரும் ஓவர்ஃப்ளோவில், அதாவது உபரி வருமானத்தில், உங்களுக்குப் பாதியாவது. கழிக்கும் செலவுக்கு உச்சவரம்பு ரூபாயில். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ஆடிட்டர் அவர்கள் கணக்கைப் பார்க்கும் உரிமை. முழு எம்.ஜி.யும் வந்த பிறகே லேப் லெட்டர். ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த 5 லட்சம் எந்த அளவுக்கு நிச்சயம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, நகை வட்டிக்கு என்ன செய்வது? உடனடியாகப் பெரிய பணம் வரும் வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த சிறிய வழிகளைச் சொல்கிறேன். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்ச ரூபாய் மானியம் வழங்கி வந்திருக்கிறது. அடுத்த அறிவிப்பு எப்போது, உங்கள் வெளியீட்டு ஆண்டு அதில் வருமா என்று செய்தித் துறை அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். விண்ணப்பம் தயாரிப்பாளர் பெயரில் போக வேண்டும் என்பதால் அக்கா கணவரோடு பத்திரம் இங்கேயும் தேவைப்படும்.

உரிமை திரும்பிய பிறகு யூடியூப் ஒரு வழி. பார்வையாளர் நீண்ட வீடியோக்களைப் பார்க்கும்போது வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு வரும். உங்கள் சேனலுக்கு அதற்கான தகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சந்தா தளத்துக்காகப் படம் கேட்கும் யாரும் யூடியூபில் இலவசமாகக் கிடக்கும் படத்தை வாங்க மாட்டார்கள், எனவே இது கடைசிப் படியாக இருக்கட்டும். அதற்கு முன் காசு கட்டிப் பார்க்கும் முறையை யோசியுங்கள். கேரள அரசு 2024 மார்ச்சில் சி-ஸ்பேஸ் தளத்தைத் தொடங்கியபோது ஒரு படத்துக்கு 75 ரூபாய் கட்டணம் வைத்தார்கள், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. அது மலையாளப் படங்களுக்கான ஏற்பாடு. கணக்கை மட்டும் பாருங்கள். அந்த விகிதத்தில் ஆயிரம் பேர் கட்டிப் பார்த்தால் 37,500 ரூபாய். உங்களுக்கு 20,350 மணி நேரத்தில் வந்ததைவிட அதிகம். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் கல்லூரி கல்லூரியாகப் போய்த் திரையிட்டபோது நின்று பேசியவர்களைப் பற்றி நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆயிரம் பேரில் பாதி அங்கேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஒப்பந்தத்தின் 12, 13, 14-ஆம் பக்கங்களை இந்த வாரம் ஸ்கேன் செய்து அனுப்பிவையுங்கள். அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கட்டிய 65,000-க்கான ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் 'டெலிவரி' என்ற சொல் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.